புல்லட் புணரியல்: 350-இல் 500-ஐ மாட்டுவது குறித்த ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

எந்த நூலானாலும் முன்னால் ஒரு பாயிரம் வேண்டும், அதில் எட்டுச் செய்தி இருக்க வேண்டும் என்பது நன்னூலார் கட்டளை. அதன்படி: இந்நூல் நுதலிய பொருள், ராயல் என்ஃபீல்டு புல்லட் என்னும் ஊர்தியின் ஒரு வகையில் கழற்றிய இன்ஜின் உறுப்பை இன்னொரு வகையில் மாட்டுவது. எல்லை, வடக்கே திருவொற்றியூர், தெற்கே ஒரகடம். இடைப்பட்ட நிலத்துக்குத் தலைநகர் புதுப்பேட்டை. வழி, கிரீஸ் படிந்த கைகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தது. யாப்பு, பெரும்பாலும் அனபாண்ட் பசை. கேட்போர், ஞாயிறு காலையில் இன்ஜினைப் பிரித்துச் செய்தித்தாளில் பரப்பிவிட்டு, ஞாயிறு மாலையில் திங்கட்கிழமை பஸ் நேரம் விசாரிப்பவர்கள். பயன் என்ன என்று அவர்கள் வீட்டார் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஆய்வு தொடர்கிறது. நூற்பெயர் மேலே இருக்கிறது. ஆக்கியோன் பெயர் தெரிந்தால் மெக்கானிக் கூலியைக் கூட்டிவிடுவார் என்பதால் அது மட்டும் விடப்பட்டது.

ஆய்வுக்குரிய தொடர்

புதுப்பேட்டைச் சந்துகளில், சாக்கில் குவித்த கியர்களுக்கும் கம்பியில் கோத்துத் தொங்கவிட்ட கனெக்டிங் ராடுகளுக்கும் நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவரிடம், ஒரு சிலிண்டர் பேரலைத் தூக்கிக் காட்டி, "இது நம்ம வண்டிக்கு வருமா?" என்று கேளுங்கள்.

"இன்னா வண்டி?"

"புல்லட்தான். த்ரீ ஃபிஃப்டி. தொண்ணூத்திரெண்டு மாடல்."

"அப்டியே உக்காரும் சார்."

இந்தக் கடைசி வரிதான் நம் ஆய்வுக்குரிய மூலபாடம். சொன்னவர் வண்டியைப் பார்க்கவில்லை. ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. 'அப்டியே' என்பது எப்படியே என்று கேட்டால் விடை கிடையாது. 'உக்காரும்' என்பது செய்யும் என்னும் வாய்பாட்டு முற்று. இப்போதே உட்காரும் என்றும் கொள்ளலாம், என்றைக்காவது ஒருநாள் உட்காரும் என்றும் கொள்ளலாம். எது உட்காரும், எதன் மேல் உட்காரும், யார் உட்காரவைப்பார், எத்தனை ரூபாய்க்கு உட்காரவைப்பார் என்பனவெல்லாம் வருவித்துக்கொள்ள வேண்டியவை. இத்தனை சொற்சுருக்கத்தில் இத்தனை பொருளை அடக்கிய வாக்கியம் சங்கப் பாடலிலும் அரிது.

அதே பேரலை மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் பாடபேதம் வருகிறது. "உக்காரும்ணே. கொஞ்சம் வேலை இருக்கு." இதில் 'அப்டியே' நீங்கி 'கொஞ்சம்' வந்து சேர்ந்திருப்பதைக் கவனிக்க. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதை அறிய மூன்றாவது அதிகாரியான லேத்துக்காரரிடம் போக வேண்டும். அவர் உட்காரும் என்றும் சொல்லமாட்டார், உட்காராது என்றும் சொல்லமாட்டார். வெர்னியரை எடுத்து அளப்பார். எழுதிக்கொள்வார். பிறகு, "நாளன்னைக்கு வாங்க" என்பார்.

ஆக, ஸ்டூல்காரர் சொல்லும்போது பொய்யாக இருக்கும் வாக்கியம் லேத்துக்காரர் முடித்துக் கொடுக்கும்போது மெய்யாகிவிடுகிறது. நாம் நிறுவப்போவது இதைத்தான். புல்லட்டில் ஓர் உறுப்பும் இன்னொன்றில் அப்படியே உட்காராது. ஆனால் எல்லா உறுப்பும் எப்படியோ உட்கார்ந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஒரே வண்டி என்னும் மயக்கம்

அப்படியே உட்காரும் என்ற நம்பிக்கை வெறும் வியாபாரப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. அதற்கு வரலாற்று நியாயம் உண்டு. இங்கிலாந்தில் ரெட்டிச் என்பது ஊசி செய்து பிழைத்த ஊர். அங்கே ஊசிப் பட்டறையில் வேர்விட்ட தொழில் சைக்கிளுக்கு வந்து, துப்பாக்கி உதிரிகளுக்கு வந்து, 1901-இல் மோட்டார் சைக்கிளுக்கு வந்து சேர்ந்தது. துப்பாக்கியைப் போலச் செய்தது என்று விளம்பரமும் செய்துகொண்டார்கள். 1950-களில் எல்லைக் காவலுக்கு வண்டி தேடிய இந்திய அரசு 350 சிசி புல்லட்டைப் பிடித்து 800 வண்டி கேட்டது. 1955-இல் ரெட்டிச்காரர்களும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தாய்க் கம்பெனி ரெட்டிச் ஆலையை 1967-இல் மூடி, 1970-இல் மொத்தமாக ஓய்ந்தது. திருவொற்றியூர்க்காரர்கள் அந்தப் பழைய வரைபடத்தையே வைத்துக்கொண்டு வண்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். 1977-இல் அதை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யவும் தொடங்கினார்கள். ஊசி செய்த ஊருக்கே ஊசி விற்ற இந்தச் செயலுக்கு இணை, கொல்லன் தெரு பற்றிய நம் பழமொழியில்கூட இல்லை.

தாத்தா ஓட்டிய வண்டியும் பேரன் வாங்கிய வண்டியும் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் ஒன்றுபோல இருந்தன. அதனால் உள்ளேயும் ஒன்றுதான் என்று உலகம் முடிவு கட்டியது. உள்ளே என்ன நடந்தது? 6 வோல்ட் 12 வோல்ட் ஆனது. பிரிட்டிஷ் மரை மெட்ரிக் மரையானது. வலக்கால் கியர் இடக்காலுக்குப் போனது. இரும்புப் பேரல் அலுமினியமானது. இவை எல்லாம் ஒரே நாளில் மாறியிருந்தால் ஒரு கோடு கிழித்துப் பழசு புதுசு என்று பிரித்துவிடலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சமயம், இந்த மாடலில் முதலில், அந்த மாடலில் அப்புறம் என்று மாறியதால், எந்த வண்டியில் எது இருக்கிறது என்பதைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். திறந்து பார்க்கும்போது முந்தைய உடைமையாளர் என்ன மாட்டிவைத்திருக்கிறார் என்பது தனி ஆய்வு.

எண்கள் இந்த மயக்கத்தை இன்னும் வளர்த்தன. இரும்புப் பேரல் 350-இன் துளை விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 90 மி.மீ.; கணக்குப் போட்டால் 346 சிசி. பிறகு ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய அலுமினிய இன்ஜினுக்கும் 70, 90. அதற்கும் பிறகு, 2008-09 வாக்கில் இன்ஜினையும் கியர் பெட்டியையும் ஒரே கூட்டுக்குள் வார்த்து வந்த இன்ஜினுக்கும் 70, 90. பத்துப் பொருத்தமும் பார்த்து முடித்த கல்யாணம்போல எண்கள் எல்லாம் சேர்கின்றன. ஆனால் ஒன்றின் பேரல் மற்றதன் வாசலில்கூட நுழையாது. 2020-இல் மீட்டியோர் என்ற மாடல் வந்தபோது 72-க்கு 85.8 என்று அளவே மாறி, எண் ஒற்றுமை என்ற சபலத்துக்கும் முடிவு கட்டினார்கள். நல்லதுதான்.

ஒரே ஓர் எண் ஒற்றுமை மட்டும் நிஜமான சபலம். இரும்புப் பேரல் 500-க்குத் துளை 84 மி.மீ., நீளம் அதே 90. அதாவது 350-க்கும் 500-க்கும் கீழ்வீட்டுக் கணக்கு ஒன்றே. மேல்மாடியில் 14 மி.மீ. அகலம் மட்டும் கூடுதல். அந்த 14 மி.மீ. துளையை 1.2 மடங்கு ஆக்குகிறது, பரப்பு 1.44 மடங்கு ஆகிறது. 346 சிசி 499 சிசி ஆகிவிடுகிறது. இந்தக் கணக்கை ஒருவன் இரவில் படுக்கையில் போட்டுப் பார்த்துவிட்டால் அவனுக்கு அப்புறம் தூக்கம் கிடையாது.

புணரியல்

இரண்டு சொல் சேரும்போது என்ன நிகழும் என்பதைத் தமிழ் இலக்கணம் ஏற்கெனவே தீர விசாரித்துவிட்டது. இரண்டு உறுப்புச் சேரும்போதும் அதுவேதான் நிகழ்கிறது. ஒன்று இயல்பு, இல்லையேல் விகாரம். விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்தபோது எதற்கு இதெல்லாம் என்று கேட்டவர்கள் இப்போது கவனிக்கவும்.

வாழை, மரம் இரண்டும் சேர்ந்தால் வாழைமரம். ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. இன்ஜினுக்குள் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு தேடினால் மூச்சு முட்டுகிறது. ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே நிற வண்டி இரண்டை எடுத்துக்கொண்டு ஒன்றின் பிஸ்டனை மற்றதில் போடுங்கள் பார்ப்போம். ஒரு வண்டியின் பேரல் தேய்ந்து ஏற்கெனவே ஒருமுறை போர் போட்டிருப்பார்கள். அதற்கு 'ட்வென்ட்டி' பிஸ்டன், அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு பெரியது. இன்னொன்று இரண்டாம் முறை போட்டு 'ஃபார்ட்டி'யில் நிற்கும். ட்வென்ட்டி பிஸ்டனை ஃபார்ட்டி பேரலில் போட்டால் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் பிஸ்டன் வாழ்நாள் முழுக்க இடமும் வலமும் முட்டிக்கொண்டு தாளம் போடும். உடன்பிறந்த வண்டிகளுக்கே இந்தக் கதி என்றால் மாடல் மாற்றத்தில் இயல்புப் புணர்ச்சி பேசுவது பேராசை. பிளக் உட்காரும், பிளக் மூடி உட்காரும். அத்தோடு சரி.

தோன்றல் விகாரத்துக்குப் பூங்கொடி உதாரணம். பூவுக்கும் கொடிக்கும் நடுவே எங்கிருந்தோ ஒரு 'ங்' வந்து உட்காருகிறது. நம் துறையில் அந்த 'ங்'கன்னா பேக்கிங்காகவும், ஷிம்மாகவும், வாஷராகவும், புஷ்ஷாகவும் தோன்றும். 350-இன் 24 மி.மீ. கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு 500-இன் 28 மி.மீ. கார்புரேட்டரை மாட்டுவதுதான் இங்கே ஆரம்பப் பாடம். வாய்க்கும் வாய்க்கும் இடையே ஓர் அடாப்டர் தகடு தோன்றுகிறது. தகட்டுக்கு இரு பக்கமும் பேக்கிங் தோன்றுகிறது. பேக்கிங்கையும் மீறிக் காற்று புகும் இடத்தில் அனபாண்ட் தோன்றுகிறது. மாதக் கடைசியில் பெட்ரோல் பங்க்கில் புது முகங்களோடு நட்புத் தோன்றுகிறது. இப்படித் தோன்றியவற்றின் நடுவே எண்ணெயும் தோன்றும். புல்லட்டில் எண்ணெய் கசியவில்லை என்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று பொருள் என்பது இத்துறையில் வழங்கும் மூதுரை.

கெடுதலுக்கு மரவேர். மரத்தின் மகரம் போன இடம் தெரியாது. மெக்கானிக் கடையில் இன்ஜினை மூடிய பிறகு மண்ணெண்ணெய்த் தட்டில் இரண்டு வாஷரும் ஒரு ஸ்பிரிங்கும் மிஞ்சிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேட்டால், "அது எக்ஸ்ட்ராண்ணே" என்பார். கம்பெனிக்காரன் நாற்பது வருடமாகத் தேவையில்லாமல் ஒரு ஸ்பிரிங் போட்டு வந்திருக்கிறான் என்ற இந்தக் கண்டுபிடிப்பு ஒவ்வொரு கடையிலும் தனித்தனியாக நிகழ்ந்திருக்கிறது.

கெடுதலின் பெரிய உதாரணம் கியர் பெட்டி. பழைய புல்லட்டில் கியர் பெட்டி இன்ஜினோடு ஒட்டிப் பிறந்ததன்று. பின்புறம் முடுக்கிவைத்த தனி வீடு. அதனால் நாலு கியர் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பிற்காலத்து ஐந்து கியர் பெட்டியை மாட்ட ஆசை வரும். மாட்டியதும் ஒரு கியர் கூடுகிறது. ஒரு சின்ன நெம்புகோல் கெடுகிறது. முதல் கியரைத் தவிர எந்த கியரில் இருந்தாலும் ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுவரும் அந்த நெம்புகோல், சிக்னலில் நிற்பவனுக்கு ஆலை செய்த தர்மம். அதைக் கெடுத்துவிட்டு ஐந்தாவது கியரை எந்தச் சாலையில் போடப்போகிறான் என்பது தெரியவில்லை.

அத்தோடு விட்டால் பரவாயில்லை. பழைய பெட்டியில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். கியர் மேலே ஒன்று, கீழே மூன்று. புதுப் பெட்டியில் கியர் இடக்காலுக்குப் போய்விட, பிரேக் வலக்காலுக்கு வந்துவிடுகிறது. கியரும் கீழே ஒன்று, மேலே நான்கு. உறுப்பு மாறிவிட்டது, கால் மாறவில்லை. இருபது வருடப் பழக்கத்தில் மூன்றாம் கியருக்காக வலக்காலை அழுத்தினால் பிரேக் கிடைக்கும். எதிரே மாடு வந்து பிரேக்குக்காக இடக்காலை அழுத்தினால் இரண்டாம் கியர் கிடைக்கும். மாடுதான் இதில் நிதானம் தவறாமல் நடந்துகொள்கிறது.

திரிதல்

இதற்குத் தனி இயல் வேண்டும், ஏனென்றால் பணம் செலவாவது இங்கேதான். பல்லும் பொடியும் சேர்ந்தால் பற்பொடி. லகரம் றகரமாகத் திரிந்தது. 500-இன் பேரல் 350-இன் கிராங்க் கேஸில் உட்கார வேண்டுமானால் இரண்டில் ஒன்று திரிய வேண்டும். பேரலின் அடிப்பாகம் 84 மி.மீ. துளையைச் சுற்றிய இரும்பு. 350-இன் கேஸ் வாயோ 70 மி.மீ. துளைக்காரனை எதிர்பார்த்துத் திறந்து வைத்தது. பேரலைக் குறைத்தால் சுவர் மெலியும். ஆகவே வாய் அகல வேண்டும்.

கேஸின் இரு பாதியையும் வெற்றாக முடுக்கி, லேத்தின் முகத்தட்டில் கட்டுகிறார்கள். கட்டுவதற்கே அரை நாள். டயல் கேஜை உள்வாயில் முட்டுக் கொடுத்து, தட்டைக் கையால் மெல்லச் சுற்றுகிறார் லேத்துக்காரர். முள் ஒரு கோடு வலப்பக்கம் ஓடுகிறது. மரச்சுத்தியலால் கேஸின் தோளில் ஒரு தட்டு. மறுபடி சுற்று. முள் அரைக் கோடு இடப்பக்கம். இன்னொரு தட்டு, முன்னதைவிட மெதுவாக. பக்கத்தில் நிற்பவருக்குப் பொறுமை போய், "பரவால்லண்ணே, அவ்ளோ பாக்கவேணாம்" என்று சொல்லத் தோன்றும். சொன்னவரை லேத்துக்காரர் பார்க்கும் பார்வையில் அவருக்கு மேற்கொண்டு ஒன்றும் தோன்றாது. முள் அசையாமல் நின்ற பிறகுதான் மோட்டார் சுவிட்சுக்குக் கை போகிறது. அப்போதும் ஒரு கேள்வி.

"யோசிச்சுச் சொல்லுங்க. எடுத்தது எடுத்ததுதான். திரும்ப வைக்க முடியாது."

மேலே கண்ட மூன்று அதிகாரிகளில் வண்டிக்காரனிடம் சம்மதம் கேட்டவர் இவர் ஒருவரே என்பதைப் பதிவு செய்யாமல் மேலே போக முடியவில்லை. உளி தொட்டதும் அலுமினியம் வெள்ளைச் சுருளாக உரிந்து காலடியில் விழுகிறது. அந்தச் சுருளைக் கையில் எடுத்துப் பார்ப்பவன் முகத்தில் 500 சிசி முதல்முறையாகத் தெரிகிறது; எடுக்காதீர்கள், விரலை அறுக்கும்.

வாய் அகன்றுவிட்டது; பேரல் உட்கார்ந்துவிட்டது. ஸ்டூல்காரரின் வாக்கு பலித்தது. ஆனால் திரிதல் ஓரிடத்தில் நிற்காது, அடுத்த எழுத்தையும் பிடித்துக்கொள்ளும். 84 மி.மீ. பிஸ்டன் 70 மி.மீ. பிஸ்டனைவிடக் கனமானது. கீழே சுழலும் ஃப்ளைவீல் சின்னப் பிஸ்டனுக்கு ஈடு செய்ய வார்த்தது. பெரிய பிஸ்டன் மேலே போகும்போது இழுக்கும் இழுப்புக்கு அதனிடம் எதிர் எடை போதாது. அதன் பலன், ஒரு வேகத்துக்கு மேல் கைப்பிடியில் தொடங்கி, பெட்ரோல் டாங்கில் பரவி, பற்களில் முடிகிறது. பின்னால் ஒரு லாரி வந்தால் கண்ணாடியில் இரண்டு தெரியும். எதற்கு வழிவிடுவது என்ற குழப்பத்தில் இரண்டுக்கும் வழிவிடுவதே உத்தமம். ஃப்ளைவீலையும் மாற்று என்பார்கள். அதை மாற்றுகிறபோதே பிக் எண்டின் மிதவைப் புஷ்ஷை எடுத்துவிட்டு ரோலர் பேரிங் போட்டுவிடு என்பார்கள். அதற்கு ஏற்றாற்போல் கனெக்டிங் ராடு வேண்டும். 350-இன் ஹெட்டை 84 மி.மீ. துளையின் மேல் வைத்தால் சுற்றிலும் படிக்கட்டுபோல ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே 500-இன் ஹெட். அதற்கு 500-இன் கார்புரேட்டர். ஒரு பேரல் வாங்கப் போனவன் கடைசியில் பேரலைத் தவிர எல்லாவற்றுக்கும் பில் வைத்திருப்பான்.

இத்தனைக்கும் கிடைத்த லாபத்தை ஆய்வு நேர்மையோடு சொல்லிவிட வேண்டும். கம்பெனிக் கணக்கில் அந்தக் காலத்து 350 தந்தது 18 குதிரைச் சக்தி. 500 தந்தது 22. சிசி 44 சதவீதம் ஏறினால் குதிரை 22 சதவீதம் ஏறுகிறது. அந்த நாலு குதிரையும் 350-க்கென்று கொடுத்த கிளட்ச் தட்டுகளையும் 350-க்கென்று கொடுத்த டிரம் பிரேக்கையும் நம்பித்தான் வெளியே வருகின்றன. ஒரு மேட்டில், கியர் குறைக்காமல், டொக்கு டொக்கென்று வண்டி இழுத்துக்கொண்டு ஏறுவதைக் கேட்டால் பில்லை எல்லாம் மறந்துபோவான் என்பதும் உண்மை. பில்லை வீட்டில் வேறொருவர் பத்திரமாக வைத்திருப்பார்.

சரியாகப் புணர்ந்ததா என்று சோதிக்க மரபில் இரு தேர்வு உண்டு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பேரலின் அடியில் வலப்பக்கமுள்ள டேப்பெட் மூடியைத் திறந்து, புஷ்ராடை இரு விரலால் சுழற்ற வேண்டும். தடையில்லாமல் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. சுழலவும் செய்து ஆடவும் செய்தால் இன்னும் அரைச் சுற்று. இதில் மீட்டர் கிடையாது, முள் கிடையாது, விரல்தான். இரண்டாவது கிக்கர். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை இறக்கி, டிகம்ப்ரஸரைப் பிடித்து, ஒரு சிறு தள்ளு தள்ளிவிட்டு, அப்புறம் முழு உதை. 350-இல் இந்தச் சடங்கில் ஒரு படியை விட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. 500-இல் ஒரு படியை விட்டால் கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்காலுக்கு எந்த மாடலின் உறுப்பும் பொருந்தாது.

மரையியல்

சுருக்கமாகவே முடிப்போம். பழைய புல்லட்டில் விட்வொர்த் மரையும் பிரிட்டிஷ் சைக்கிள் மரையும் கலந்து கிடக்கும். பின்னால் வந்தவற்றில் மெட்ரிக். இரண்டு காலத்து உறுப்பைச் சேர்த்தால் ஒரே மூடியை முடுக்க மூன்று ஸ்பேனர் செட் வேண்டியிருக்கும். தப்பான போல்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. முதல் இரண்டு சுற்று சொந்தம்போல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். மூன்றாவது சுற்றில் இறுகும். "டைட் ஆயிடுச்சு" என்று சந்தோஷப்படுகிற அந்தக் கணத்தில்தான் அலுமினியத்தின் மரை கழன்றுகொண்டிருக்கிறது. மேற்கொண்டு, கழன்ற மரைக்கு ஹெலிகாயில் போடுபவரைப் பார்க்கவும்.

உயிர் எங்கே இருக்கிறது

இனி ஆழமான கேள்வி. பேரல் மாறி, ஹெட் மாறி, பிஸ்டன், ராடு, கார்புரேட்டர், கியர் பெட்டி எல்லாம் மாறிவிட்ட வண்டி பழைய வண்டிதானா?

விக்கிரமாதித்தனிடம் வேதாளம் ஏறக்குறைய இதையே கேட்டிருக்கிறது. வெட்டுண்ட இரண்டு தலைகளையும் அவசரத்தில் உடல் மாற்றி ஒட்டிவிட்ட பெண்ணுக்கு இருவரில் யார் கணவன்? தலை எவனுடையதோ அவனே என்று விக்கிரமாதித்தன் தீர்ப்புச் சொன்னான். நல்ல தீர்ப்புதான், ஆனால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் செல்லாது. அங்கே ஹெட்டைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. இன்ஜின் நம்பர் கிராங்க் கேஸில் பொறித்திருக்கிறது. சேஸிஸ் நம்பர் ஃபிரேமில். பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, ஒட்டிய தாளின் மேல் தேய்த்து, கறுப்புக்கு நடுவே வெள்ளையாக எழும் அந்த எண்கள் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போனால் வண்டி பழைய வண்டியேதான். அதன் மேலே இரும்பு இருந்தாலும் அலுமினியம் இருந்தாலும் கம்பங்கொல்லைப் பொம்மைக்கு வைத்த பானை இருந்தாலும் எண் எண்தான். ஆக, சித்தாந்திகள் நெடுங்காலம் விவாதித்த இடத்தை அலுவலகம் ஒரு பென்சிலால் காட்டிவிட்டது: உயிர் கிராங்க் கேஸில், இரண்டு அங்குல நீளத்துக்குள் இருக்கிறது. அந்த வரியின் மேல் மட்டும் உளி படாமல் பார்த்துக்கொள்க.

அதற்காகச் சட்டம் உடலைக் கண்டுகொள்வதே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் எழுதியிருப்பது கம்பெனி சொன்னதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆர்.சி.யில் 346 என்று எழுதியிருக்கிறது. பேரலுக்குள் 499 துடிக்கிறது. காப்பீட்டுக்காரர்களின் மூன்றாம் நபர் கட்டணத்திலும் 150 முதல் 350 சிசி வரை ஒரு படி, 350-க்கு மேல் அடுத்த படி. 346 என்பது படிக்கட்டின் விளிம்பில் நாலே சிசி இடம் விட்டுக் கவனமாக நிற்கும் எண். அதைப் பிடித்து மேலே தள்ளிவிட்டுச் சொல்லாமல் இருப்பவர், விபத்து ஒன்று நடந்து காப்பீட்டுக்காரர் வெர்னியரோடு வருகிற நாளில் இந்த ஆய்வுக் கட்டுரையைச் சான்றாகக் காட்ட வேண்டாம்.

தூய்மைவாதிகளுக்கும் இங்கே ஒரு பதில் சொல்லிவிடலாம். ஆலையில் பிறந்தபோது இருந்த உறுப்பு ஒவ்வொன்றும் அதே வண்டியில் இருந்தால்தான் அது அசல் புல்லட் என்பார்கள் அவர்கள். அவர்கள் வண்டி கூடத்தில் துணி போர்த்தி நிற்கிறது. அதனால்தான் எல்லா உறுப்பும் அப்படியே இருக்கின்றன. தவிர, புல்லட் பிறந்த திருவொற்றியூருக்கு உறுப்பு வேறிடத்தில் கிடைப்பது புதிதன்று. சங்கிலியாரைப் பிரியேன் என்று அவ்வூரில் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த சுந்தரர், அதை மீறி எல்லை தாண்டியதும் இரு கண்ணையும் இழந்தார். இடக்கண்ணைக் காஞ்சியில் பெற்றார். வலக்கண்ணுக்குத் திருவாரூர்வரை போக வேண்டியிருந்தது. வெவ்வேறு ஊரில் வாங்கிய இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போயினவா என்று பெரியபுராணம் ஐயம் எழுப்பவில்லை. கொடுத்தவர் அப்படிப்பட்டவர், லேத்துக்குப் போக வேண்டிய தேவை நேரவில்லை. நமக்குப் புதுப்பேட்டையில் கொடுப்பவர் ஸ்டூல்காரர்.

புறனடை

இங்கே சொல்லாத உறுப்புகளுக்கும் சொன்ன விதிகளைக் கொண்டே முடிவு காண்க. டைமிங் பக்கத்துக் கியர்களைப் பற்றிக் கேட்கலாம்: ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய பற்களைப் பிரித்துப் புதியதோடு சேர்த்தால் வண்டி வருவது தெருமுனையிலேயே தெரியும், அது தோன்றல். ஒரே கூட்டில் வார்த்த பிற்கால இன்ஜின்களும், பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து ஊற்றும் அவற்றின் ஏற்பாடும் இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அவற்றில் உறுப்பு மாற்ற நினைப்பவர் முதலில் சென்சாரிடம் அனுமதி பெறுக.

500 வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இதில் ஒன்றும் இல்லையே என்று குறைப்பட வேண்டாம். 84 மி.மீ. துளையை 87 ஆக்கிப் பெரிய பிஸ்டன் போடும் ஒரு கிட் உலகத்தில் உண்டு. அதே 90-ஓடு கணக்குப் போட்டுப் பார்த்தால் 535 சிசி வரும். திரிதல் இயலில் சொன்னது அத்தனையும் அதற்கும் ஏற்கும். காப்பீட்டுக் கட்டணம் மட்டும் ஏறாது; 350-க்கு மேல் அவர்களிடம் வேறு படி இல்லை.